வானத்தில் வந்துகொண்டிருந்த கோடிச் சேலை

டிக்கெட் போடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். சாதனை எதையாவது எதிர்பார்த்திருப்பார்கள். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. நினைவில் நிற்பது ஒரு தப்புதான். இருபத்தேழு வருடம் டிக்கெட் போட்டவள், கூட்டல் கழித்தல் தெரியாத பிள்ளை மாதிரி செய்த தப்பு. சிரிப்பதானால் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடை கோலசிலாங்கூர் டவுனில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பதினொரு மணிக்கெல்லாம் கீழே மீன்கறி கொதிக்கும் வாசம் படியேறி எங்கள் மேசைக்கு வந்துவிடும். அதன் பின்னாலேயே ஆட்களும் ஏறி வருவார்கள். சுங்கை பெசாரிலிருந்து, சுங்கை பஞ்சாங்கிலிருந்து, புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து. வந்தவர்கள் எந்த விமான நிலையத்தின் பெயரையும் சொல்ல மாட்டார்கள். 'ஊருக்குப் போகணும்' என்பார்கள், அவ்வளவுதான். முக்கால்வாசிப் பேருக்கு ஊர் என்றால் திருச்சியில் இறங்கிப் போகிற ஊர்தான்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் நாலு மணி நேரம். அங்கத்துக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. காலை எட்டரைக்கு இங்கே கிளம்பினால், அங்கே பத்து மணிக்கு இறங்குவதாக டிக்கெட்டில் அச்சாகும். அதைப் பார்த்துவிட்டு, "ஒன்றரை மணி நேரந்தானாக்கா? ஈப்போவுக்குப் போறதவிட சுருக்கா இருக்கே லா!" என்று வாயைப் பிளந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு விளக்கிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றியது. அதனால் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். டிக்கெட் உறையின் மேல் பேனாவால் இரண்டு வரி எழுதிக் கொடுப்போம். ஒன்று 'நம்ம மணி'. இன்னொன்று 'ஊர் மணி'.

இரண்டரையைக் கழிப்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. இப்போதும் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்தால் கழித்துவிடுகிறேன். ஊரில் இப்போது எத்தனை மணி, பால்காரன் வந்திருப்பானா என்று மனசு கேட்கிறது. எனக்கு அங்கே யாரும் இல்லை. என் அப்பா பிறந்ததே இந்தச் சிலாங்கூர் மண்ணில்தான். இருந்தும் நான் பார்த்தே இராத ஒரு வாசலின் நேரத்தை ஓய்வு பெற்ற பிறகும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதற்கு என்ன வைத்தியம் என்று தெரியவில்லை.

அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

மாரியாயி என்று ஓர் அம்மா. அறுபத்தெட்டு வயது. புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரமும் வெட்டி, பிறகு செம்பனையில் உதிரிப் பழமும் பொறுக்கியவர். குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை இடித்த பிறகு மகன் வீட்டில் இருந்தார். மகன் குமரன் லோரி ஓட்டுபவர். அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்து, விசாவும் வாங்கி, என் மேசைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான்.

"எங்கக்காளப் பாக்கணும்" என்றார் மாரியாயி. உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை அது.

அக்காவின் பெயர் அங்கம்மா. குடியுரிமை இல்லாமல், வேலை பெர்மிட்டும் கிடைக்காதவர்களையெல்லாம் கப்பலேற்றி அனுப்பிய காலத்தில் அக்காவின் புருஷனுக்கும் பெர்மிட் கிடைக்கவில்லை. அங்கம்மா இங்கேயே பிறந்தவர், இருந்திருக்கலாம். புருஷனோடு போய்விட்டார். கிள்ளான் துறைமுகத்தில் கையசைத்தபோது மாரியாயிக்குப் பதினான்கு வயது. அதன் பிறகு கடிதம், அப்புறம் டெலிபோன், கடைசியில் வாட்சாப்பில் முகம்.

"போன்ல மூஞ்சி தெரியுதும்மா. தொட்டுப் பாத்தா கண்ணாடிதான் இருக்கு" என்று ஆள்காட்டி விரலால் என் மேசைக் கண்ணாடியைத் தடவிக் காட்டினார்.

அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்திருந்தது. பத்து நாளில் போவதாக டிக்கெட் போட்டோம். மாரியாயி பையிலிருந்து ஒரு சேலையை எடுத்துக் காட்டினார். கிள்ளானில் வாங்கியது, மாம்பழ நிறம், பச்சைக் கரை. "அக்கா கட்டிக்கிட்டு என் முன்னால நிக்கணும். அதுக்குத்தான் வாங்குனேன்" என்றார்.

பத்து நாளை அங்கம்மா கொடுக்கவில்லை. நாலாம் நாள் மத்தியானம் குமரன் கடைக்கு ஓடி வந்தார். "பெரியம்மா போயிட்டாங்கக்கா. அம்மாவ நாளைக்கே அனுப்பணும். எனக்குப் பாஸ்போர்ட் தேதி முடிஞ்சி செத்துப்போச்சி, அவங்க தனியாத்தான் போகணும்."

மறுநாள் காலை எட்டரை மணி விமானத்தில் ஓர் இடம் இருந்தது. மாற்றிப் போட்டேன். அதற்குள் திருச்சிக்கு அப்பால், முசிறிப் பக்கத்து ஊரிலிருந்து அங்கம்மாவின் மகன் செல்வராசு என் கடை நம்பருக்குக் கூப்பிட்டார். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"சின்னம்மா எத்தன மணிக்கு எறங்குவாங்கன்னு சரியாச் சொல்லுங்க. அம்மாவுக்குப் பொறந்த வீட்டுக் கோடி அவங்கதான் போடணும். வேற யாருங்க இருக்கா?"

உங்களில் சிலருக்கு இது தெரியாமல் இருக்கலாம். கல்யாணமாகிப் போன பெண் இறந்தால் அவளைப் பிறந்த வீட்டுச் சேலையால் போர்த்தித்தான் எடுப்பார்கள். அண்ணனோ தம்பியோ கொண்டுவருவது வழக்கம். அங்கம்மாவின் பிறந்த வீட்டில் அண்ணன் தம்பி ஒருவரும் மிச்சமில்லை. அந்த வீடு என்று இருந்தது லயத்தில் ஓர் அறை, அதையும் இடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது மாரியாயியும் ஒரு மாம்பழச் சேலையும்தான். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை என்பதால், எடுப்பதற்கு முன் போய்ச் சேர்ந்தால்தான் முகம். தவறினால் ஐம்பது வருடத்துக்கு மேல் பார்க்காத முகம் அத்தோடு போச்சு.

இவ்வளவும் தெரிந்துதான் பேசினேன். திரையில் 'பத்து மணி' என்று இருந்தது. அது ஏற்கெனவே ஊர் மணி. என் வாய் இரண்டரையைக் கழித்தது.

"ஊர் மணி ஏழரைக்கு எறங்கிடுவாங்க தம்பி. கவலப்படாதீங்க" என்றேன். உறையில் எழுதியிருந்தால் கை சொல்லியிருக்கும், தினமும் எழுதுகிற 'ஊர் மணி பத்து'வோடு ஒத்துவரவில்லையே என்று நின்றிருப்பேன். டெலிபோனில் சொன்னதால் எழுதவில்லை. கவலைப்படாதீர்கள் என்று வேறு சொன்னேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் மாரியாயி எட்டரைக்கு ஏறினார். விமானம் கிளம்பியதும் குமரன் எனக்குச் செய்தி அனுப்பினார். நான் நிம்மதியாக வேறு வேலை பார்த்தேன். நம்ம மணி பதினொன்றுக்கு டெலிபோன் அடித்தது. செல்வராசு.

"எங்கங்க எங்க சின்னம்மா? வண்டிக்காரரு ஏழரையிலேர்ந்து ஏர்போர்ட்டுல நின்னாராம். அந்த நேரத்துக்கு கோலாலம்பூர்லேர்ந்து ஒண்ணும் வரலைன்னு சொல்லிட்டாங்களாம். இப்பத் திரும்பிக்கிட்டு இருக்காரு. இங்க பத்து மணிக்கு எடுக்கறதுன்னு பேசி முடிச்சாச்சு. கோடிய ஒரு பங்காளி போட்டுக்கட்டும்கிறாங்க."

என் கண் திரையைப் பார்த்தது. பத்து மணி. ஏழரை. ஐயோ, கழித்ததையே கழித்திருக்கிறேன்! அங்கே அப்போது மணி எட்டரை. மாரியாயி கடலுக்கு மேல் எங்கேயோ பறந்துகொண்டிருந்தார், டெலிபோனை அணைத்துவிட்டு, மடியில் சேலையை வைத்துக்கொண்டு. இறங்கி வெளியே வர பதினொரு மணி ஆகும். ஊர் போய்ச் சேரப் பன்னிரண்டு தாண்டும்.

பக்கத்து மேசை சாந்தி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். பத்து வருடம் கூட வேலை செய்தவள். ரிசீவரைக் கையால் பொத்தச் சொல்லி, "ஃபிளைட் டிலேன்னு சொல்லிடு லா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். எனக்கும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அந்த அரை நிமிடத்தை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். டிலே என்றால் எத்தனை மணி வரைக்கும் டிலே? டிலே ஆன விமானம் இன்னும் டிலே ஆகலாம், வராமலே போகலாம். பிணத்தை வைத்துக்கொண்டு எவன் அதை நம்பிக் காத்திருப்பான்? பொய் சொன்னால் நான் தப்பிப்பேன், அங்கே பத்து மணிக்கு எடுத்துவிடுவார்கள். விமானம் சரியான நேரத்தில் வந்துகொண்டிருக்கிறது, தப்பு என்னுடையது என்று சொன்னால்தான் 'பத்து மணிக்கு இறங்குகிறார்' என்ற வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருக்கும்.

"தம்பி, ஃபிளைட்டு மேல தப்பில்ல. உங்க சின்னம்மா மேலயும் தப்பில்ல. நாந்தான் தப்பா கணக்குப் போட்டுட்டேன். ஊர் மணி பத்துக்குத்தான் அவங்க எறங்குறாங்க. வண்டிய அப்படியே திருப்பச் சொல்லுங்க. பன்னண்டேகாலுக்கு வாசல்ல இருப்பாங்க. தயவு பண்ணி எடுத்துடாதீங்க."

செல்வராசு வெடித்தார். "ஏங்க, வெளையாடுறீங்களா? இதுதானங்க உங்க பொழப்பு!" என்றார். வேறும் சொன்னார். அத்தனையும் நான் வாங்கவேண்டியதுதான். வாங்கிக்கொண்டேன். அப்புறம் வேறொரு பெரியவர் குரல் வந்தது. ஊர்க்காரர்.

"இந்தாம்மா, பொணம் கெடக்குற தெருவுல அடுப்பு மூட்ட மாட்டோம், தெரியுமில்ல? பச்சப் புள்ளைங்கள்லாம் நேத்துலேர்ந்து பட்டினி. வெளியூர்ச் சனம் காத்துக் கெடக்கு. இன்னும் ரெண்டு மணி நேரம்னா யாரு பதில் சொல்றது?"

"ஐயா, எதுக்கும் நான் பதில் சொல்றேன். ஆனா அந்தம்மாவுக்கு என்னால பதில் சொல்ல முடியாதுய்யா. பொறந்த வீட்டுச் சேல வானத்துல வந்துக்கிட்டு இருக்குதுய்யா!"

கத்திவிட்டேன். கீழே சாப்பாட்டுக் கடையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். அந்தப் பக்கம் ஒரே சலசலப்பு. யாரோ யாரிடமோ டெலிபோனைக் கொடுப்பது கேட்டது. மூச்சிரைக்கிற ஒரு கிழக்குரல் வந்தது.

"எங்கேர்ந்தும்மா பேசுற?"

"கோலசிலாங்கூர்லேர்ந்துய்யா. டிக்கெட் போட்ட பொம்பள."

"கோலசிலாங்கூரா?" என்றார், சொந்த ஊரின் பெயரைச் சொல்வது மாதிரி. அங்கம்மாவின் புருஷன் அவர்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அந்த ஆத்தோரத்துப் பாசார் இருக்குதா? சாயங்காலம் நண்டு விப்பாங்களே?"

"இருக்குதுய்யா. எடம் மாத்திட்டாங்க. நண்டு விக்கிறாங்க."

"சம்பளத்தன்னிக்கு அவள சைக்கிள்ல வச்சிக் கூட்டியாருவேன். புக்கிட் ரோத்தான்லேர்ந்து மிதிச்சே வருவேன். நண்டுன்னா உசிரு அவளுக்கு. இந்த ஊருல அது எங்க கெடைக்குது?"

மனைவி வீட்டுக்குள் ஐஸ் பெட்டியில் கிடக்கிறாள், மனுஷன் நண்டைப் பற்றிப் பேசுகிறார். சாந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் 'ஆமாய்யா, ஆமாய்யா' என்று சொல்லிக்கொண்டே அழுதேன். வேறு என்ன சொல்வது?

பிறகு அவர் டெலிபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார், ஆனால் வைக்கவில்லை. வாசலில் இருந்தவர்களிடம் பேசியது எனக்குக் கேட்டது.

"பெர்மிட்டு இல்லாமப் போனது எனக்கு. அவளுக்கு அங்க எல்லாம் இருந்துச்சு. எனக்காகக் கப்பலேறுனா. ஒரு நா ஒரு பொழுது குத்திக் காட்டல. தங்கச்சி வர்ற வரைக்கும் ஒருத்தனும் பாடையத் தொடக் கூடாது. புள்ளைங்களுக்குக் கடையில பன்னும் டீயும் வாங்கிக் குடுங்க. பெரிய ஆளுங்க பசியோட கெடப்போம்."

யாரும் எதிர்த்துப் பேசியதாகத் தெரியவில்லை. வண்டி திரும்பியது.

அதற்குப் பிறகு எங்களுக்கு வேலையே ஓடவில்லை. சாந்தி கைப்பேசியில் விமானம் போகிற படத்தைத் திறந்து மேசையில் வைத்தாள். நீலத்தின் மேல் ஒரு குட்டி விமானம். பார்த்தால் நகராது, கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் கொஞ்சம் நகர்ந்திருக்கும். இத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கான பேரை அந்த வழியில் அனுப்பியிருக்கிறேன், ஒருவரோடும் அப்படிக் கூடவே போனதில்லை. நம்ம மணி பன்னிரண்டரைக்கு இறங்கியது. ஒன்றேகாலுக்கு வண்டிக்காரர் கூப்பிட்டார். "வந்துட்டாங்கம்மா. பைய யாருகிட்டயும் குடுக்க மாட்டேங்கறாங்க" என்றார். நான் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

சாயங்காலம் செல்வராசு அழைத்தார். காலையில் பேசியதற்கு மன்னிக்கச் சொன்னார். அவர் எதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? நடந்ததைச் சொன்னார். ஊர் மணி பன்னிரண்டரைக்குச் சின்னம்மா வாசலில் இறங்கினாராம். கூட்டம் விலகி வழி விட்டதாம். பெட்டியின் மூடியைத் திறந்ததும் அவர் அழவில்லை. இரண்டு கையாலும் அக்காவின் கன்னத்தை, நெற்றியை, காதை, கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாராம். பிறகு மாம்பழச் சேலையை உதறி, தானே போர்த்திவிட்டாராம். அதற்கப்புறம் போட்ட சத்தத்தில் தெருவே அழுததாம்.

இதோடு நிறுத்தினால் நான் ஏதோ பெரிய காரியம் செய்தவள் மாதிரி ஆகிவிடும். சில வருடம் நானும் கடையில் இந்தக் கதையை இத்தோடுதான் முடித்துக்கொண்டிருந்தேன். தப்பைச் சொன்னால் தப்பு சரியாகும், வாயால் சொல்வதையும் எழுதிப் பார் என்று புதியவர்களுக்கு முடிவுரையும் கொடுப்பேன். அதெல்லாம் சரிதான், செய்யுங்கள். ஆனால் மிச்சத்தையும் நீங்கள் கேட்க வேண்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பிய மாரியாயி கடைக்கு வந்தார். முறுக்குப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பாக நேரம் சொன்னதற்கு மன்னிக்கச் சொன்னேன்.

"அத விடும்மா. அதான் பாத்துட்டேனே" என்றார். உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"ஏம்மா, அவ்வளவுதானா?"

"எதும்மா?"

"ஏறி உக்காந்தேன். சோறு குடுத்தாங்க. தின்னுட்டுக் கண்ண மூடுனேன். எறங்குன்னாங்க. வேற எங்கியோ நடுவுல நிறுத்துறாங்கன்னு நெனச்சி நான் எழுந்திரிக்கவே இல்ல. பக்கத்துப் பொண்ணுதான் ஊரு வந்துடுச்சி பாட்டின்னா. இவ்வளவு கிட்டவா இருந்தா எங்கக்கா?"

மேசை மேல் கிடந்த பேனாவை மூடி வைத்தேன்.

"மரம் வெட்டப் போனா வெடிஞ்சதுலேர்ந்து பால் தூக்குற வரைக்கும் அதவிட நேரமாவும். நாலு மணி நேரத்துக்காம்மா நான் இத்தன வருசம் அழுதேன்?" அவர் குரல் உயரவே இல்லை. "அவ நல்லா நடமாடிக்கிட்டு இருந்தப்ப, ஏழெட்டு வருசம் இருக்கும், நான் ஒரு தடவ இங்க வந்தேன். உனக்கு ஞாபகம் இருக்காது. இந்த மேசதான். நீதான் உக்காந்திருந்த. எங்கக்கா ஊரு எவ்வளவு தூரம்மான்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"டிவிய பாத்துட்டு ரெண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டருன்ன."

திரையைத்தான் அவர் டிவி என்கிறார். திருச்சிக்குத் தூரம் அதுதான். சரியான பதில்.

"கிள்ளானுக்கு நாப்பத்தஞ்சு கிலோமீட்டரு. பஸ்ஸுல அதுக்கே எனக்குத் தல சுத்தும். ரெண்டாயிரத்து எழுநூறுன்னா செத்துத்தான் போவணும்னு நெனச்சிக்கிட்டு படியெறங்கிட்டேன். நாலு மணி நேரந்தான்னு ஒரு வார்த்த நீ சொல்லலியேம்மா."

கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். முறுக்கை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். அவர் முன்னால் வந்து போன அந்த நாளை நான் எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்கு நினைவே வரவில்லை. மத்தியானமா, கூட்டமா, சாப்பிடப் போகிற அவசரமா, ஒன்றும் தெரியவில்லை.

உங்கள் மேசைக்கு முன்னால் வந்து யாராவது தூரம் கேட்டால், திரையைப் பார்க்காதீர்கள். அவர்களை உட்காரச் சொல்லுங்கள். யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.